வெயில் காயும் சுவரிலிருந்து மின்சாரம்: வெப்பமின் சிமெண்ட்டால் எவ்வளவு முடியும்?

பிற்பகல் வெயிலில் கான்கிரீட் சுவரின் வெளிப்புறத்தில் கை வைத்தால் சுடுகிறது. உட்புறம் அந்த அளவுக்குச் சுடுவதில்லை. இந்த வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டு சிமெண்ட்டே மின்சாரம் தரும்படி செய்திருக்கிறார்கள் என்று படித்துவிட்டு, அப்படியானால் ஒரு வீடு தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன் சுவர்களிலிருந்தே எடுத்துக்கொள்ள முடியுமா, புதிதாகக் கட்டுகிறவர்கள் இதை இப்போதே பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மின்சாரம் வருவது உண்மை. ஆனால் அது ஒரு வீட்டுக்குப் போதுமான அளவில் வராது. பொருளை எவ்வளவு மேம்படுத்தினாலும் வராது. அதற்குக் காரணம் சிமெண்ட்டின் குறை மட்டுமன்று, சுவர் வழியாகப் பாயும் வெப்பமே மிகக் குறைவு என்பதுதான். எனினும் இந்த ஆய்வு வீண் என்று சொல்லமாட்டேன். அதன் இடம் வேறு.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். 1821-இல் தாமஸ் யோகான் சீபெக், இரு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஓர் இணைப்பை மட்டும் சூடாக்கியபோது அருகிலிருந்த காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். வெப்பம் காந்தத்தை உண்டாக்குகிறது என்றே அவர் கருதினார். வளையத்தில் ஓடுவது மின்னோட்டம் என்பதை எடுத்துச் சொன்னவர் டென்மார்க் இயற்பியலாளர் ஓர்ஸ்டெட். ஆனாலும் விளைவுக்குச் சீபெக்கின் பெயரே நிலைத்துவிட்டது. மின்னூட்டத்தைச் சுமந்து நகரக்கூடிய துகள்கள் உள்ள எந்தப் பொருளிலும், சூடான முனையில் அவற்றின் துடிப்பு மிகுந்திருப்பதால் அவை குளிர்ந்த முனையை நோக்கிப் பரவுகின்றன. ஒரு முனையில் மின்னூட்டம் குவிய, மறுமுனையில் குறைய, இடையே ஒரு மின்னழுத்தம் உண்டாகிறது. ஒரு கெல்வின் வெப்பநிலை வேறுபாட்டுக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்பதுதான் சீபெக் கெழு. உலோகங்களில் இது சில மைக்ரோவோல்ட்டிலிருந்து சில பத்து மைக்ரோவோல்ட் வரை. குளிர்விப்புத் தகடுகளில் பயன்படும் பிஸ்மத் டெலுரைடு என்ற குறைகடத்தியில் சுமார் 200 மைக்ரோவோல்ட்.

மின்னழுத்தம் மட்டும் இருந்தால் போதாது. அந்த மின்னழுத்தம் வெளிச்சுற்றில் வேலை செய்ய வேண்டுமானால் பொருளின் உள்தடை குறைவாக இருக்க வேண்டும். கூடவே, வெப்பநிலை வேறுபாடு நிலைத்திருக்க வேண்டுமானால் வெப்பத்தை அது எளிதில் கடத்திவிடக் கூடாது. இந்த மூன்றையும் ஒரே எண்ணில் சேர்த்துச் சொல்வதே இசட்-டி எனப்படும் தகுதி எண்: சீபெக் கெழுவின் இருமடியை மின்கடத்து திறனாலும் கெல்வின் வெப்பநிலையாலும் பெருக்கி, வெப்பக்கடத்து திறனால் வகுத்தால் வருவது. பிஸ்மத் டெலுரைடுக்கு அறை வெப்பநிலையில் அது ஏறத்தாழ 1. சிமெண்ட் இந்த மூன்றில் ஒன்றில் மட்டும் இயல்பாகவே நல்ல இடத்தில் இருக்கிறது: அதன் வெப்பக்கடத்து திறன் மீட்டர் கெல்வினுக்கு 1 வாட் என்ற அளவை ஒட்டியது, பிஸ்மத் டெலுரைடுக்குச் சளைத்ததன்று. மின்கடத்தலில்தான் அது பாதாளத்தில் கிடக்கிறது. நன்கு உலர்ந்த சிமெண்ட் கிட்டத்தட்ட ஒரு காப்புப்பொருள்.

ஆகவே முதல் தலைமுறை ஆய்வுகளெல்லாம் சிமெண்ட்டுக்குள் மின்கடத்தும் பாதை போடும் வேலையாகவே இருந்தன. 1990-களின் இறுதியில் சீனத்தின் வூஹானிலும், அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் டி.டி.எல். சுங் குழுவிலும், கார்பன் இழை கலந்த சிமெண்ட்டில் சீபெக் விளைவை அளந்தார்கள். கார்பன் இழை கலந்தால் நேர்மின் துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள், மின்னோட்டத்தைச் சுமக்கின்றன. எஃகு இழை கலந்தால் எதிர்த்திசையில் எலக்ட்ரான்கள் சுமக்கின்றன. இந்த இரண்டு கலவைகளையும் அடுத்தடுத்து வார்த்தால், ஒட்டோ பற்றாசோ இல்லாமல் சிமெண்ட்டாலேயே ஆன ஒரு வெப்ப இரட்டை கிடைக்கிறது, அதைக் கொண்டு சுவரின் வெப்பநிலையை அளக்கலாம் என்று சுங் குழுவினர் காட்டினார்கள். அப்போது அவர்கள் மனத்தில் இருந்தது மின் உற்பத்தியைவிட உணர்வான் (சென்சார்) தான் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டுமானமே தன் வெப்பநிலையைச் சொல்லட்டும் என்ற அந்த எளிய நோக்கம் இன்றும் எனக்கு மிகப் பொருத்தமானதாகத் தோன்றுகிறது.

அதன்பின் வந்தவை பெரும்பாலும் கலப்புப் பொருளை மாற்றிப் பார்த்தவை: விரிவாக்கிய கிராபைட், கார்பன் நானோகுழாய், கிராபீன், துத்தநாக ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, மாங்கனீசு டை ஆக்சைடு. இங்கே ஒரு பிடிவாதமான முரண்பாடு குறுக்கே நிற்கிறது. கார்பன் இழைகளின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டம் வரை மின்தடையில் பெரிய மாற்றம் இருக்காது. பிறகு இழைகள் ஒன்றையொன்று தொட்டுக் கோர்வையாகும் அந்தக் குறுகிய எல்லையில் மின்தடை திடீரெனப் பல்லாயிரம் மடங்கு சரிந்துவிடும். ஆனால் மின்னூட்டத் துகள்கள் மிகும்போது சீபெக் கெழு பொதுவாகக் குறைகிறது. ஒன்றை வாங்க மற்றொன்றை விற்க வேண்டியிருக்கிறது. மாங்கனீசு டை ஆக்சைடின் நானோதூள் கலந்த சிமெண்ட்டில் கெல்வினுக்குச் சுமார் 3 மில்லிவோல்ட் வரை அளந்திருக்கிறார்கள். பிஸ்மத் டெலுரைடைவிட இது 15 மடங்கு. ஆயினும் அந்தக் கலவை பிஸ்மத் டெலுரைடைவிடச் சிறந்த மின்னாக்கி ஆகிவிடவில்லை.

ஏன் என்பதை ஒரு மாதிரித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். சாந்தின் வலிமையைச் சோதிக்க வார்க்கப்படும் வழக்கமான பட்டகம் 40 மி.மீ. அகலமும் 40 மி.மீ. உயரமும் 160 மி.மீ. நீளமும் கொண்டது. சாந்து ஈரமாக இருக்கும்போதே இரு முனைகளிலும் செம்பு வலைகளைப் பதித்து, 28 நாள் நீரில் பதப்படுத்தி, உலர்த்தி, ஒரு முனையைச் சூடாக்கும் தகட்டிலும் மறுமுனையைக் குளிர்ந்த உலோகக் கட்டியிலும் பொருத்துகிறோம் என்று கொள்வோம். முனைகளுக்கிடையே 30 கெல்வின் வேறுபாடு, சீபெக் கெழு 3 மில்லிவோல்ட் என்றால், மீட்டர் 90 மில்லிவோல்ட் காட்டும். பார்க்க நன்றாகவே இருக்கும். இப்போது வெளியே ஒரு சுமையை இணைத்தால், அதிகபட்சமாகக் கிடைக்கும் திறன் மின்னழுத்தத்தின் இருமடியை உள்தடையின் நான்கு மடங்கால் வகுத்தது. அந்தத் துண்டின் தடை 100 ஓம் என்றால் 20 மைக்ரோவாட் கிடைக்கும். உலர்ந்த சிமெண்ட்டில் எளிதாக வந்துவிடும் 10 லட்சம் ஓம் என்றால் கிடைப்பது 2 நானோவாட். மீட்டரில் தெரியும் எண் இரண்டிலும் ஒன்றுதான். கையில் வரும் ஆற்றலோ 10,000 மடங்கு வேறுபடுகிறது.

இந்த அளவீட்டில் நானே ஏமாந்திருக்கிறேன். முதன்முதலில் வார்த்த துண்டு சரியாக உலரும் முன் அவசரப்பட்டு அளந்தபோது, சூடாக்கும் தகட்டை இயக்குவதற்கு முன்பே மீட்டர் சில பத்து மில்லிவோல்ட் காட்டியது. ஒரு முனையில் ஈரம் மிகுதி, மறுமுனையில் குறைவு. செம்பு வலைகள் இரண்டும் அந்த ஈரக் காரக் கரைசலில் ஒரு மோசமான மின்கலமாக வேலை செய்துகொண்டிருந்தன. ஈரமான சிமெண்ட்டில் பெரிய மின்னழுத்தம் கிடைத்தது என்ற முடிவைப் பார்க்கும்போதெல்லாம், வெப்பநிலை வேறுபாட்டைப் பூச்சியமாக்கியபோது மீட்டர் என்ன காட்டியது, திசையைத் திருப்பியபோது குறியும் திரும்பியதா என்று தேடுவது அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது.

ஆனால் ஈரம் எப்போதும் பிழையின் மூலம்தான் என்று ஒதுக்கவும் முடியாது. 2025-இல் செய்திகளில் பரவலாக வந்ததும், நீங்கள் படித்ததாக நான் ஊகிப்பதும், சீனத்தின் தென்கிழக்குப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த சிமெண்ட்-ஹைட்ரோஜெல் கலவையாகும் (ஹைட்ரோஜெல் என்பது நீரைத் தேக்கி வைத்திருக்கும் பாலிமர் கூழ்). அவர்கள் அறிவித்த சீபெக் கெழு கெல்வினுக்கு எதிர்க்குறியில் 40.5 மில்லிவோல்ட், தகுதி எண் 0.066. முந்தைய சிமெண்ட் கலவைகளின் உச்சங்களோடு ஒப்பிட்டால் முதலாவது சுமார் 10 மடங்கு, இரண்டாவது சுமார் 6 மடங்கு. இந்தப் பாய்ச்சல் கார்பனைக் கூட்டியதால் வந்ததன்று. எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனிகளைப் பிடித்ததால் வந்தது.

இதைச் சற்று நின்று விளக்க வேண்டும், ஏனெனில் இந்தத் துறையின் சுவையான பகுதியே இதுதான். கெட்டியான சிமெண்ட்டின் நுண்துளைகளில் எப்போதும் ஒரு கரைசல் தேங்கியிருக்கிறது. கார அமில எண் (pH) 13-ஐ ஒட்டிய கடும் காரம் அது. ஹைட்ராக்சைடு, சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் அதில் உள்ளன. வெப்பநிலை வேறுபாடு ஏற்பட்டால் இவை எல்லாமே நகர முற்படும். நேர் அயனியும் எதிர் அயனியும் சம வேகத்தில் நகர்ந்தால் மின்னழுத்தம் தோன்றாது. ஒன்று ஓட, மற்றொன்று பின்தங்கினால்தான் தோன்றும். நீரில் ஹைட்ராக்சைடு அயனி மிக வேகமாகப் பரவக்கூடியது, கால்சியத்தைப் போல 6 மடங்குக்கும் மேல். அது தானே நீந்திச் செல்வதைவிட, அருகிலுள்ள நீர் மூலக்கூறிடமிருந்து புரோட்டானை வாங்குவதன் மூலம் தன் இடத்தை அதற்குக் கைமாற்றிவிடுவதே இந்த வேகத்துக்குக் காரணம். ஆனால் சாதாரணச் சிமெண்ட்டின் நெருக்கமான துளைகளில் எல்லா அயனிகளும் தடுக்கப்படுவதால் இந்த வேக வேறுபாடு வீணாகிறது. தாவரத் தண்டின் அடுக்கமைப்பைப் பார்த்து அந்த ஆய்வாளர்கள் சிமெண்ட் அடுக்குகளுக்கிடையே பாலிவினைல் ஆல்கஹால் ஹைட்ரோஜெல் அடுக்குகளை வைத்தார்கள். ஜெல் அடுக்கு ஹைட்ராக்சைடுக்கு அகன்ற பாதையாகிறது. கால்சியம் அயனிகளோ சிமெண்ட்டும் ஜெல்லும் சந்திக்கும் முகப்பில் பாலிமரோடு வலுவாகப் பிணைந்து நின்றுவிடுகின்றன. ஓடுகிறவனுக்குச் சாலையும், நடக்கிறவனுக்கு விலங்கும் ஒரே சமயத்தில் கொடுத்ததுபோல. வேக வேறுபாடு இப்படிப் பெருக்கப்பட்டதன் விளைவே அந்த 40.5 மில்லிவோல்ட்.

புத்திசாலித்தனமான வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் அயனிவழி வெப்பமின் பொருளுக்கும் எலக்ட்ரான்வழிப் பொருளுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. செய்திகளில் அது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. எலக்ட்ரான் செம்புக் கம்பிக்குள் நுழைந்து சுற்றி வந்து மறுமுனையில் மீண்டும் சேர்ந்துகொள்ளும். ஆகவே வெப்பநிலை வேறுபாடு இருக்கும்வரை மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். ஹைட்ராக்சைடு அயனி கம்பிக்குள் நுழையாது. மின்முனையின் வாசல்வரை வந்து குவிந்து நின்றுவிடும். அந்தக் குவியலுக்கு ஈடாக வெளிச்சுற்றில் எலக்ட்ரான்கள் ஒருமுறை ஓடி முடிந்தால், அவ்வளவுதான். மீண்டும் ஓட வேண்டுமானால் வெப்பநிலை வேறுபாட்டை நீக்கியோ திருப்பியோ அயனிகளைப் பழைய இடத்துக்கு அனுப்ப வேண்டும். அதாவது, இது தொடர்ந்து ஓடும் ஆறு அன்று. நிரம்பி வடியும் தொட்டி. மின்முனையில் வேதிவினை நடக்கும்படி வடிவமைத்தால் தொடர் ஓட்டம் பெறலாம், ஆனால் அது வேறொரு வகைச் சாதனம். ஆகவே அயனிவழிப் பொருளின் தகுதி எண்ணைப் பிஸ்மத் டெலுரைடின் எண்ணோடு நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது பொருந்தாது.

இதிலும் ஒரு நல்ல திருப்பம் இருக்கிறது. வெயிலில் கிடக்கும் கான்கிரீட் பலகை, சாலையோ மேல்தளமோ, பகலில் மேலே சூடாகவும் கீழே குளிர்ந்தும் இருக்கிறது. இரவில் மேற்பரப்பு வானை நோக்கி வெப்பத்தை இழந்து கீழ்ப்பகுதியைவிடக் குளிர்ந்துவிடுகிறது. கான்கிரீட்டில் ஒருநாள் வெப்ப அலை சுமார் 14 செ.மீ. ஆழத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகத் தேய்கிறது, உச்சமும் சில மணி நேரம் பின்தங்கி வருகிறது. ஆகவே 15 முதல் 20 செ.மீ. தடிப்புள்ள பலகையில் இந்தத் திசைமாற்றம் நாள்தோறும் தானாகவே நிகழ்கிறது. அயனிகளைத் திருப்பி அனுப்ப வேறெவரும் வேண்டியதில்லை. நாளுக்கு இரண்டு முறை நிரம்பி வடியும் தொட்டிக்குச் சூரியனைவிட ஒழுங்கான வேலையாள் கிடைக்கமாட்டான். மின்னோட்டத்தின் திசை மாறுவதைச் சமாளிக்க ஒரு சிறிய திருத்திச் சுற்று இருந்தால் போதும்.

இனி, கேள்வியின் மையமான வீட்டுக் கணக்கு. 20 செ.மீ. தடிப்புள்ள கான்கிரீட் சுவர், இரு முகங்களுக்கிடையே 10 கெல்வின் வேறுபாடு, வெப்பக்கடத்து திறன் 1 என்று கொண்டால், சதுர மீட்டருக்கு 50 வாட் வெப்பம் பாய்கிறது. இந்த வெப்பநிலைகளுக்கிடையே எந்த வெப்ப எந்திரமும், இயற்கை விதி அனுமதிக்கும் உச்சத்தில், சுமார் 3 சதவீதத்தையே வேலையாக மாற்ற முடியும். அதாவது, குறையே இல்லாத ஒரு கற்பனைப் பொருள் கிடைத்தாலும் சதுர மீட்டருக்கு 1.6 வாட்டுக்கு மேல் வராது. தகுதி எண் 0.001 கொண்ட கார்பன் கலந்த சிமெண்ட்டில் இது 0.4 மில்லிவாட்டாகச் சுருங்குகிறது. தகுதி எண் 0.066-ஐ அப்படியே ஏற்று, தொட்டி-ஆறு வேறுபாட்டையும் மறந்து தாராளமாகக் கணக்கிட்டால் 26 மில்லிவாட். 100 சதுர மீட்டர் சுவர் முழுவதையும் இதனால் கட்டினால் 2.6 வாட் வரும். ஒரு சிறிய எல்.இ.டி. விளக்குக்கு அது போதும், மின்விசிறிக்குப் போதாது. அதே ஒரு சதுர மீட்டரில் சாதாரண சூரியத் தகடு முழு வெயிலில் 200 வாட் தருகிறது.

வெப்பக்கடத்து திறனைக் குறைத்துத் தகுதி எண்ணை உயர்த்தலாமே என்று கேட்கலாம். உயரும்தான். ஆனால் சுவரின் இரு முகங்களின் வெப்பநிலையும் வெளிச்சூழலால் தீர்மானிக்கப்படும் இடத்தில், கடத்தல் குறைந்தால் பாயும் வெப்பமும் குறைகிறது. திறமை கூடுகிறது, விளைச்சல் கூடுவதில்லை. போதாக்குறைக்கு, வெப்பம் உள்ளே பாயாமல் தடுப்பதே நல்ல சுவரின் வேலை. 10 கெல்வின் வேறுபாட்டில் சதுர மீட்டருக்கு 50 வாட்டை உள்ளே விடும் சுவர், அறையைக் குளிர்விக்கும் எந்திரத்துக்குக் கூட்டும் சுமையை ஒப்பிட்டால் அந்த 26 மில்லிவாட் ஒரு பொருட்டே இல்லை. உலைச்சுவர் போன்ற மிகச் சூடான இடங்களில் வைக்கலாம் என்றாலோ, 100 டிகிரி செல்சியசைத் தாண்டினால் நுண்துளை நீர் போய்விடும். அயனிவழி வேலை அத்துடன் நின்றுவிடும். மேலும் சூடானால் சிமெண்ட்டைப் பிணைத்திருக்கும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட்டே தன் நீரை இழந்து வலுக்குறையத் தொடங்கும்.

அப்படியானால் மில்லிவாட்டுகளால் என்ன பயன்? பாலத்தின் தூணுக்குள் பதித்த ஓர் உணர்வான், பெரும்பாலான நேரம் உறங்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை விழித்து வெப்பநிலையையும் விரிசலின் அகலத்தையும் அளந்து கம்பியில்லாமல் அனுப்புவதற்குச் சராசரியாகச் சில பத்து மைக்ரோவாட்டே போதுமானதாக வடிவமைக்க முடியும். 20 மில்லிவோல்ட்டிலிருந்தே வேலை தொடங்கும் மின்னழுத்த உயர்த்திச் சில்லுகள் கடைச்சரக்காகவே கிடைக்கின்றன. கான்கிரீட்டுக்குள் புதைத்த மின்கலத்தை மாற்ற முடியாது என்பதால், இந்த இடத்தில் சிமெண்ட் தரும் அற்ப மின்சாரத்துக்குப் போட்டியே இல்லை. உள்ளிருக்கும் கம்பிகள் துருப்பிடிக்காமல் இருக்க அவற்றுக்குச் சிறு மின்னோட்டம் கொடுத்து அளிக்கும் எதிர்மின்முனைப் பாதுகாப்பு இன்னொரு வாய்ப்பு: அரிப்பு இன்னும் தொடங்காத எஃகைக் காக்க சதுர மீட்டர் எஃகுப் பரப்புக்கு 0.2 முதல் 2 மில்லிஆம்பியர் வரை போதும் என்பது தர நெறி. ஒரு வோல்ட்டை ஒட்டிய அழுத்தத்தில் இது 2 மில்லிவாட்டுக்குள் அடங்குகிறது. மேலே போட்ட கணக்கு எட்டக்கூடிய எல்லைதான் இது. ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு ஒரே திசையில் இடைவிடாத ஓட்டம் வேண்டும். தொட்டி வகைப் பொருளிலிருந்து அதைப் பெற இடையில் ஒரு சேமிப்பு தேவைப்படும்.

சேமிப்பு என்றதும் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2023-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கரித்தூள் கலந்த சிமெண்ட்டால் ஒரு மீமின்தேக்கி செய்து, 45 கன மீட்டர் கான்கிரீட்டில் 10 கிலோவாட் மணி சேமிக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அது மின்சாரத்தைச் சேமிப்பது, உண்டாக்குவதன்று. இரண்டும் சிமெண்ட், இரண்டும் மின்சாரம் என்பதால் ஒன்றாகச் சேர்த்துப் பேசப்படுகின்றன. இரண்டும் ஒரே சுவரில் சேரக்கூடும் என்பது வேறு விஷயம்.

நீடித்த ஆயுள் குறித்துதான் எனக்குப் பெரிய தயக்கம். ஒரு கட்டடம் 50 ஆண்டுகளாவது நிற்க வேண்டும். ஹைட்ரோஜெல் அடுக்கு வெயிலில் உலர்ந்துபோனால் ஹைட்ராக்சைடுக்கான சாலை மூடப்படும். காற்றிலுள்ள கரியமில வாயு சிமெண்ட்டுக்குள் மெல்ல ஊடுருவி அதன் காரத்தன்மையைக் குறைக்கிறது. அது கடந்துசென்ற பகுதியில் கார அமில எண் 13-இலிருந்து 9-ஐ ஒட்டி இறங்கிவிடும். கார அமில எண்ணில் ஒவ்வோர் அலகும் பத்து மடங்கு என்பதால், மின்னூட்டத்தைச் சுமந்து ஓட வேண்டிய ஹைட்ராக்சைடு அயனிகள் அங்கே பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடுகின்றன.

ஆகவே இப்போது கட்டும் வீட்டில் இதைச் சேர்க்கலாமா என்ற இரண்டாம் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். மேலே சொன்னவை அனைத்தும் ஆய்வகத் துண்டுகளின் கதை. கார்பன் தூளோ இழையோ வாங்கி நீங்களாகவே கான்கிரீட்டில் கலந்து பார்க்கவும் வேண்டாம். மின்கடத்தும் கார்பன் வலை எஃகுக் கம்பியைத் தொட்டுக்கொண்டு, அங்கே ஈரமும் உப்பும் சேர்ந்தால், இரண்டும் ஒரு மின்கலமாகிவிடும். அந்த மின்கலத்தில் கரைந்து தேய்வது கம்பிதான். சோதிக்கும் ஆவல் இருந்தால், கம்பி இல்லாத ஒரு சிறு பட்டகம் வார்த்து, அதை நன்றாக உலர்த்திவிட்டு மீட்டரை இணையுங்கள்.